பஞ்சு வயிறு

மெத்தைக் கடையின் பின்னறையில் மின்விசிறி கிடையாது. விசிறி போட்டால் பஞ்சு பறக்கும். பஞ்சு பறந்தால் முதலாளிக்கு உயிரே பறக்கும். அதனால் வெயில் காலத்தில் நாங்கள் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, வேர்த்து ஒழுக ஒழுகத் தைப்போம். அந்த அறையில் ஒருத்தியின் எதிரில் உட்கார்ந்து, அவள் கண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டு பாதி ஆயுளைக் கழித்தவள் நான். அவளைப் பற்றி எழுத எனக்கு இந்த உரிமை போதும் என்று நினைக்கிறேன். போதாது என்கிறவர்கள் வந்து ஒரு கோடை முழுக்க அங்கே உட்கார்ந்து பார்க்கட்டும்.

எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். முதலாளி, பஞ்சு மூட்டை இறக்குகிறவர், எதிர்க்கடைக்காரர், அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான். அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். அந்தச் சின்னது நாள் முழுக்க அக்கா அக்கா என்று கத்திக்கொண்டு கடைக்கு வந்து போகும். கேட்டுக் கேட்டு எங்கள் வாயிலும் அதே ஒட்டிக்கொண்டது. அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரு தலைமுறை வித்தியாசம். அதைப் பற்றி யாராவது கேட்டால், அக்காவின் அம்மா கொஞ்சமும் அசராமல், "அதுக்கென்ன, கடவுள் குடுத்தா வேண்டாம்னா சொல்ல முடியும்?" என்பாள். அந்த அம்மாவும் எங்கள் கடையில்தான் தலையணை அடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அவளைப் பெரியம்மா என்போம்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அந்தத் தங்கை தங்கை இல்லை. அக்கா பெற்ற மகள்.

எனக்கு இது பின்னால்தான் தெரியும். அக்காவே சொல்லித் தெரிந்துகொண்டது. தங்களுக்கு அப்போதே சந்தேகம் இருந்தது என்று இன்று சொல்லிக்கொள்கிற நாலைந்து பேர் தெருவில் இருக்கிறார்கள். ஒருத்திக்கும் ஒன்றும் தெரியாது. பெரியம்மா அவ்வளவு கச்சிதமாக வேலை பார்த்திருந்தாள்.

கடைக்கு மெத்தை ஏற்ற வரும் வண்டியின் டிரைவர்தான் ஆள். நல்ல உயரம், நல்ல சிரிப்பு, நல்ல பேச்சு. நல்ல மனசு மட்டும் இல்லை. அது வெளியே தெரிகிற சரக்கு இல்லையே. அக்காவுக்கு அப்போது பதினெட்டோ பத்தொன்பதோ வயது. மெத்தைக்கு மேல் மெத்தை அடுக்கி வைத்த கிடங்கில் இரண்டு பேரும் பேசுவார்களாம். எதிரில் நின்றாலும் காதுக்குள் பேசுவதுபோல இருக்குமாம். பஞ்சு சத்தத்தை விழுங்கிவிடும். அந்தப் பேச்சில் இவள் தலைகால் புரியாமல் கிடந்தாள். வேறு ஊரில் வீடு பார்த்துவிட்டு வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் வரவில்லை. அவன் போன பிறகுதான் அவளுக்கு உடம்பில் சேதி தெரிந்தது.

வீட்டில் அழுகை, அடி, சாப்பிடாமல் கிடப்பது எல்லாம் முறைப்படி நடந்தது. அப்பா பஞ்சு அடிக்கிற இயந்திரத்தை ஓட்டுகிறவர். அந்த இரைச்சலிலேயே இருந்து பழகியதால் வீட்டில் அதிகம் பேசமாட்டார். அன்றும் பேசவில்லை. பெரியம்மாதான் ஒரு வாரம் அழுது முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடையிலிருந்து உறைத்துணி ஒரு கஜம் வாங்கி வந்தாள்.

மகளுக்கு மஞ்சள் காமாலை, மோசமாக இருக்கிறது, யாரும் கிட்டே வரவேண்டாம் என்று தெருவுக்குச் சொல்லி அவளை உள்ளறையில் வைத்தாள். தனக்கு மறுபடி நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டே நாலு பேரிடம் சொன்னாள். வயிற்றின் வளைவுக்கு வெட்டிய ஒரு தலையணையைத் தைத்து, இரண்டு பக்கமும் நாடா வைத்து, முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தினமும் கடைக்கு வந்தாள். மகள் வயிறு வளர வளர, உறையின் ஓரத்தைப் பிரித்துப் பஞ்சு சேர்த்துத் திரும்பத் தைத்துக்கொண்டாள்.

இதில் தலையணைக்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று நடந்தது. புதுத் தலையணையை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் அடைக்க வேண்டும். படுக்கப் படுக்கப் பஞ்சு அமுங்கி, சரியான உயரத்துக்கு இறங்கும். பெரியம்மாவின் கை வாழ்நாள் முழுக்க அப்படி அடைத்துப் பழகிய கை. வயிற்றையும் அதே கை அடைத்தது. ஆனால் இந்தத் தலையணையில் யார் தலை வைத்துப் படுத்தார்கள், அமுங்குவதற்கு? ஆறாம் மாதமே அது பத்தாம் மாதம்போல முன்னால் போக, பெரியம்மா பின்னால் வந்தாள். ஒரு தடவை காட்டிய வயிற்றைக் குறைக்கவும் முடியாதே. தெருப் பெண்கள் பார்த்துவிட்டு, "இது ஒண்ணு இல்ல, கண்டிப்பா ரெண்டு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

வந்தது ஒன்று. இன்னொன்று எங்கே என்று கேட்டவர்களுக்கு, "எல்லாம் வெறும் தண்ணி" என்று பதில் சொன்னாள். பெண்கள் விடவில்லை. குழந்தைக்கு ரெட்டை என்று பேர் வைத்துவிட்டார்கள். வீட்டில் வைத்த பெயரை எல்லோரும் மறந்தாயிற்று. அவள் புருஷன்கூட இன்றைக்கும் ரெட்டை என்றுதான் கூப்பிடுகிறான்.

சிரிக்கிற மாதிரி இருக்கும் இந்தக் கதையின் உள்ளறைப் பாதியில் சிரிக்க ஒன்றும் இல்லை. வலி வந்த அன்று அக்காவுக்கு வலிப்பும் சேர்ந்து வந்தது. ரத்த அழுத்தம் ஏறிக் கை கால் இழுத்து, பல் கிட்டி, கண் மேலே போய்விட்டது. ஒரு வாடகை வண்டியில் போட்டு, தெரிந்த முகம் எதுவும் இல்லாத தூரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் பெரியம்மா தன் வயிற்றைக் கழற்றி மகளின் தலைக்கு வைத்தாளாம். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பிழைத்ததே பெரிது என்று சொல்லி அனுப்பிய டாக்டர், "இது பெத்த அம்மாக்கு வந்தா பொண்ணுக்கும் வரலாம். இந்தக் குழந்தை பெரிசாகி உண்டானா, மறக்காம சொல்லுங்க" என்று சொன்னார். கேட்டுக்கொண்டவர்கள் மூன்று பேர். அப்பா, பெரியம்மா, பாதி மயக்கத்தில் அக்கா.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா அக்காவின் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "நான் உசுரோட இருக்கற வரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாது." அக்கா சரி என்றாள். வேறென்ன சொல்வாள்?

குழந்தை முதன்முதலாக அக்காவைப் பார்த்து அம்மா என்றபோது, பெரியம்மா பாய்ந்து தூக்கிக்கொண்டு, "அக்கா சொல்லு, அக்கா" என்று சொல்லிக்கொடுத்தாளாம். வாயில் வரும்வரை விடவில்லை. அக்காவும் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். இதை என்னிடம் சொன்னபோது அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அன்று மேற்கொண்டு வேலை ஓடவில்லை.

நான் கடையில் சேர்ந்து கொஞ்ச நாளில் அந்த டிரைவர் வந்தான். பெண்டாட்டியும் கைக்குழந்தையுமாக, இரட்டை மெத்தை வேண்டும் என்று. யார் என்று எனக்குத் தெரியாது. அக்கா அளவு கேட்டாள், உறைத்துணி காட்டினாள், நாலு பக்கமும் ஓரம் அடித்து, கோணி ஊசியால் நடுநடுவே கட்டி, ஒரு குறையும் இல்லாமல் தைத்துக் கொடுத்தாள். அவன் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தாலும் கண் மட்டும்தான் தெரிந்திருக்கும். விஷயம் தெரிந்த பிறகு நான் அவளிடம் கேட்டேன். "உள்ள ஒரு ஊசியாவது விட்டு வெச்சிருக்கலாமே அக்கா?" "அந்தப் பொண்ணும்ல அதுல படுக்கும்?" என்றாள். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவளுக்கு வரன் வராமல் இல்லை. யாரையும் பிடிக்கவில்லை என்று சொல்லிக் கழித்துக் கட்டினாள். கல்யாணம் ஆனால் அந்த வீட்டைவிட்டுப் போகவேண்டுமே. ரெட்டையை அடிப்பது பெரியம்மா, அழுகையை நிறுத்துவது அக்கா. திட்டிப் படிக்க வைத்தது பெரியம்மா, புத்தகம் வாங்க இரவும் பகலும் ஊசியோடு உட்கார்ந்தது அக்கா. அப்பா போய்ச் சேர்ந்தார். ரெட்டை வளர்ந்தாள், எலெக்ட்ரீஷியன் ஒருவனைக் கட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிக் குடிபோனாள். நல்ல பையன். மாமியார் வீட்டில் சொன்னால் சொன்னபடி கேட்பான்.

ரெட்டை உண்டானதும் அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. ஏழாம் மாதம் அவள் கால் வீங்கியதும் உயிரும் பாதி போயிற்று. அந்த நேரம் பார்த்து ரெட்டையின் புருஷனுக்கு மலைமேல் இருக்கும் மின்நிலையத்தில் நல்ல வேலை கிடைத்தது. குடியிருக்க வீடும் உண்டு. சுற்றிலும் காடு. பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவேண்டுமானால் அரைநாள் மலைப்பாதையில் இறங்கவேண்டும். ரெட்டைக்கு ஒரே குதூகலம். பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள்.

அக்கா தனியாகப் போய், ரெட்டைக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவைப் பார்த்தாள். "எங்க அம்மாவுக்கு இவ பொறக்கறப்ப வலிப்பு வந்துச்சு டாக்டர். வயசாச்சு, அவங்களுக்கு ஞாபகம் இல்ல" என்று சொல்லிப் பார்த்தாள். சத்தியமும் காப்பாற்றப்படும், பெண்ணும் காப்பாற்றப்படுவாள் என்று கணக்கு. டாக்டரம்மா, "அடுத்த தடவை அம்மாவையே கூட்டிட்டு வாங்க. நேர்ல கேக்கறேன்" என்றார்.

அதற்குள் பெரியம்மாவுக்கு மறதி வந்திருந்தது. அடுப்பை அணைக்க மறப்பாள், சாப்பிட்டதை மறப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் அக்கா அவளை உட்கார வைத்துப் பேசினாள்.

"அம்மா, நாளைக்கு டாக்டர் கேட்டா, ரெட்டை பொறக்கறப்ப வலிப்பு வந்துச்சுன்னு சொல்லு."

"எனக்கு எங்கடி வலிப்பு வந்துச்சு?"

"உனக்கு வரலம்மா. எனக்கு வந்துச்சே. வண்டில தூக்கிட்டுப் போனீங்களே."

"உனக்கு மஞ்சக் காமாலைல்ல வந்துச்சு?" என்றாள் பெரியம்மா. "நான் வயித்தத் தள்ளிக்கிட்டு உனக்கும் சேத்துல்ல பாத்தேன். எவ்ளோ கஷ்டம்."

அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். பஞ்சு, நாடா, உள்ளறை, டிரைவர். பெரியம்மா பரிதாபமாக அவளைப் பார்த்து, "உனக்கு உடம்புக்கு ஆகலயா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நடிக்கவில்லை. பொய்யை அவள் வருஷக்கணக்கில் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்திருந்தாள். உண்மையை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மறதி வந்தபோது சொல்லாதது முதலில் போய்விட்டது. அப்பாவும் இல்லை. உலகத்தில் இனி அக்கா ஒருத்தியின் பேச்சுத்தான், வேறு சாட்சி கிடையாது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பெரியம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக என்னையும் அழைத்தாள். ரெட்டையும் வந்திருந்தாள். டாக்டரம்மா கேட்டதுதான் தாமதம், பெரியம்மா பிடித்துக்கொண்டாள். "ஒரு கஷ்டமும் இல்ல டாக்டர். காலைல இடுப்புல ஒரு சுருக்கு. மத்தியானத்துக்குள்ள பொறந்துட்டா. வயிறுதான் பெரிசு, ரெட்டைன்னு சொன்னாங்க, எல்லாம் தண்ணி." ரெட்டை சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. கூடவே உதட்டை அசைத்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா இப்படித்தான் டாக்டர், எதுக்கெடுத்தாலும் பயம்."

டாக்டரம்மா ரெட்டைக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். "லேசாத்தான் ஏறியிருக்கு. அம்மாவுக்கு ஒண்ணும் இல்லன்னா சரி, போயிட்டு வாங்க. உப்பைக் குறைங்க" என்று அடுத்தவரைக் கூப்பிட மணியில் கை வைத்தார்.

"வலிப்பு வந்தது எனக்கு" என்றாள் அக்கா. "இவளப் பெத்தது நான்."

அந்த அறையில் நாங்கள் ஐந்து பேர். எனக்கும் அது அன்றுதான் தெரியும். ரெட்டை முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. முதலில் வாய் திறந்தது பெரியம்மா.

"பொய் சொல்றா டாக்டர். கல்யாணம் ஆகாத பொண்ணு, ஏக்கத்துல ஏதோ உளர்றா. பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு அழுதாள். "என் பொண்ணை எங்கிட்டேருந்து பறிக்கப் பாக்கறா."

அந்த அழுகை நிஜமான அழுகை. யார் கேட்டாலும் அவளைத்தான் நம்புவார்கள். நானே ஒரு கணம் நம்பினேன். அக்கா பெரியம்மாவோடு வாதாடவில்லை, ரெட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டு, "என்னைப் பரிசோதிச்சுப் பாருங்க" என்றாள். இருவரும் திரைக்குப் பின்னால் போனார்கள். வயிற்றில் கிழித்த தழும்பு மறதிக்காரியின் பேச்சைக் கேட்டு மறைந்துபோகுமா? டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே வெளியே வந்து, ரெட்டையிடம், "மலைக்குப் போக வேண்டாம். வாரா வாரம் இங்க வரணும்" என்றார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

ரெட்டை எழுந்து, பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அக்காவைத் தாண்டி நடந்தாள்.

அதன் பிறகு அவள் அக்கா முகத்தில் விழிக்கவில்லை. மலை வேலையைப் புருஷன் தள்ளிப்போட்டுவிட்டான். வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனான். அதுவரைக்கும் நிம்மதி. அக்கா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து ரெட்டை வந்து பெரியம்மாவைப் பார்த்துவிட்டுப் போவாள். அக்கா வழக்கம்போலத் தைத்தாள். "பேசலன்னா என்ன, நல்லாருக்கால்ல" என்பாள். அப்படிச் சொல்லிவிட்டுத் தைத்த வரியையே திரும்பப் பிரிப்பாள். அவளுக்குத் தைத்ததைப் பிரிக்கும் பழக்கமே கிடையாது. எனக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இரண்டு அறை விடவேண்டும் என்றிருந்தது. பாவம், அவளும்தான் என்ன செய்வாள்? ஒரே நாளில் அம்மாவும் போய் அக்காவும் போய் நிற்கிறாள்.

ஒன்பதாம் மாதம் தொடங்கிய பிறகு ஒரு காலை, கடைக்கு அவள் புருஷன் போன் செய்தான். முகமெல்லாம் வீங்கி, பார்வை மங்கி, அழுத்தம் எங்கேயோ போய்விட்டது. வாராவாரம் பார்த்ததால் வலிப்பு வருமுன்பே பிடித்துவிட்டார்கள், உடனே அறுவை செய்யவேண்டும் என்கிறார்கள் என்றான். ஊசியைக் குத்திய இடத்தில் அப்படியே விட்டுவிட்டு ஓடினோம். பெரியம்மாவைத் தனியே விட முடியாது, அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டோம்.

நடைக்கூடத்தில் மரப்பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் வெளியே வந்தாள். "உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்து பாக்கலாம். பேஷண்ட் கேக்கறாங்க."

அக்கா பெரியம்மாவின் தோளைத் தொட்டாள். "எழுந்திரும்மா. உன்னத்தான்." அத்தனை வருஷத்துப் பழக்கம். பெரியம்மாவும் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"இவங்க அம்மாவா?" என்றாள் நர்ஸ். "அம்மாவ வரச் சொல்லவான்னு நானும் கேட்டேன். வேணாம், அக்காவ வரச் சொல்லுங்கன்னாங்க. யாரு அக்கா?"

அக்கா வேறு யாரையோ கேட்டதுபோலத் திரும்பிப் பார்த்தாள். நான்தான் தூக்கிவிட்டேன்.

உள்ளே நடந்ததை அவள் எனக்குப் பிறகு சொன்னாள். ரெட்டை கண்ணைச் சரியாகத் திறக்க முடியாமல் கிடந்தாளாம். கையை நீட்டினாளாம்.

"அக்கா, அம்மா சொல்ற கதை எனக்கு மனப்பாடம். காலைல சுருக்கு, மத்தியானம் பொறந்தேன். அதெல்லாம் நடக்கல இல்ல?"

"நடக்கல."

"அப்ப நடந்தத நீ சொல்லு."

அதுவரை அக்காவிடம் அதை யாரும் கேட்டதில்லை. வலித்ததா, பயந்தாயா, குழந்தையை எப்போது பார்த்தாய் என்று ஒரு ஜீவன் கேட்டதில்லை. அவள் பட்ட வலியைக்கூடப் பெரியம்மா எடுத்து, வேறு மாதிரி தைத்து, ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையாம்.

"கண்ணு முழிச்சப்ப பக்கத்துல நீ இல்ல" என்றாள். "நீ செத்துப் பொறந்துட்டியோன்னு நெனச்சு அழுதேன். சத்தம் வரல, தண்ணி மட்டும் வந்துச்சு. அப்பறம் அப்பா வந்தார். பொண்ணு, நல்லாருக்கு, காது அப்படியே உன் காதுன்னு சொன்னார்."

"அப்பாவா? அவர் அப்படிச் சொன்னாரா?"

"அன்னைக்கு ஒரு நாள் சொன்னார். அப்பறம் யாரும் சொல்லல."

ரெட்டை கேட்டுக்கொண்டே கிடந்தாள். "எப்ப என்னத் தூக்கின?" என்றாள். அதற்குள் தள்ளுவண்டியை எடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். வண்டி நகர்ந்தபோது, "மீதிய நான் வந்து கேட்டுக்கறேன்" என்றாளாம்.

அக்கா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் பெரியம்மா, புதிதாகச் சிநேகிதம் பிடித்த ஒரு அம்மாளிடம், ரெட்டையைத் தான் பெற்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அதைத் தடுக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ரெட்டை பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது. இரண்டு நாள் மருந்து மயக்கத்தில் கிடந்தாள். மூன்றாம் நாள் தெளிவாகக் கண் விழித்து, குழந்தையைப் பக்கத்தில் போடச் சொல்லிவிட்டு, அக்காவைத் தேடி, மீதியைக் கேட்டாள்.